பாராமெடிக்கா, நர்ஸா: சம்பளத்தையும் வேலை வாய்ப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

ஆம்புலன்ஸ் வேலைதான் பிடித்திருக்கிறது, ஆனால் நர்ஸிங் படித்தால்தான் பிழைக்க முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எதை எடுப்பது? இப்படி என்னிடம் யாராவது கேட்காத வருடமே கிடையாது. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். பாராமெடிக்குகள் நடுராத்திரியில் கொண்டுவந்து ஒப்படைக்கும் நோயாளிகளை வாங்கிக்கொண்டு, அவர்கள் சொல்லும் விவரத்தை எழுதிக்கொண்டே பல வருடம் போயிருக்கிறது, அதனால் அந்தப் பக்கத்தையும் ஓரளவு கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன கிடைக்கிறது, உங்களை வேலைக்கு எடுக்கக்கூடிய முதலாளிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், இந்த இரண்டையும் கண்டுபிடியுங்கள். முடிவில் முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் 'பாராமெடிக்கல்' என்றால் லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என எல்லாப் படிப்பையும் சேர்த்துச் சொல்கிறோம். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. பாராமெடிக் என்பவர் சம்பவ இடத்துக்கே போய், ஈசிஜி எடுத்துப் படித்து, நரம்பில் மருந்து ஏற்றி, மூச்சு நின்றால் குழாய் போட்டு, நோயாளியை உயிரோடு ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர். பல நாடுகளில் அவருக்கு ஒரு படி கீழே ஈஎம்டி என்று இன்னொரு நிலை இருக்கிறது, அது சில மாதப் படிப்பு. சம்பளம் தேடும்போது இந்த இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 மே மாதக் கணக்கைப் பாருங்கள்: ஈஎம்டிக்கு ஆண்டுக்கு 41,340 டாலர், பாராமெடிக்குக்கு 58,410, பதிவு பெற்ற நர்ஸுக்கு 93,600. இவை இடைநிலை எண்கள், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிறார்கள். 'ஆம்புலன்ஸ் ஊழியர் சம்பளம்' என்று யாராவது ஒரே எண்ணைக் காட்டினால், அது யாருடைய சம்பளம் என்று முதலில் கேளுங்கள்.

எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்கள்?

இதைக் கேட்காமல் ஒப்பிட ஆரம்பிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நர்ஸ் வேலை உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், பாராமெடிக் வேலை அப்படி இல்லை. நெதர்லாந்தில் ஆம்புலன்ஸில் சிகிச்சை தருபவர் பெரும்பாலும் ஒரு நர்ஸ்தான், நர்ஸிங் முடித்து அனுபவமும் பெற்று, அதற்கு மேல் தனிப் பயிற்சி எடுத்தவர். ஸ்வீடனிலும் 2005-லிருந்து அவசர ஆம்புலன்ஸில் குறைந்தது ஒருவராவது பதிவு பெற்ற நர்ஸாக இருப்பதுதான் நடைமுறை. பிரான்ஸில் மோசமான கேஸ் என்றால் டாக்டரும் நர்ஸும் சேர்ந்த குழுவே வண்டியில் ஏறிப் போகிறது. இந்த நாடுகளில் போய் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் 'பாராமெடிக்கா நர்ஸா' என்ற கேள்விக்கே இடமில்லை. ஆம்புலன்ஸில் முக்கியமான சிகிச்சையைத் தர வேண்டுமென்றால் பெரும்பாலும் நர்ஸிங் படித்திருக்க வேண்டும்.

ஜெர்மனி வேறு மாதிரி. அங்கே 2014-லிருந்து மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியோடு தனிப் பதவியே உருவாகிவிட்டது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய இடங்களில் பாராமெடிக் தனித் தொழில். ஆனால் அதற்குள்ளேயே மலையளவு வித்தியாசம் இருக்கிறது, அதைத்தான் அடுத்துச் சொல்கிறேன்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் 2004-லிருந்து நர்ஸ், பாராமெடிக், பிசியோதெரபிஸ்ட் எல்லோருக்கும் ஒரே சம்பள ஏணி. புதிதாக வரும் நர்ஸ் 5-ஆவது படியில் சேர்கிறார். புதிய பாராமெடிக்கும் அதே 5-ஆவது படியில்தான் சேர்கிறார், ஆனால் 2016 இறுதியில் போட்ட ஒப்பந்தப்படி வழிகாட்டுதலோடு இரண்டாண்டு முடித்ததும் அவர் 6-ஆவது படிக்குப் போய்விடுகிறார். நர்ஸுக்கு அப்படித் தானாக நடப்பதில்லை. 6-ஆவது படி வேண்டுமென்றால் அவர் காலியிடம் தேடி விண்ணப்பித்து இன்டர்வியூவில் ஜெயிக்க வேண்டும், பலர் ஆண்டுக்கணக்கில் 5-லேயே இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2025-26-க்கு 5-ஆவது படி 31,049 பவுண்டில் தொடங்கி 37,796-இல் முடிகிறது, 6-ஆவது படி 38,682-இல் தொடங்கி 46,580 வரை போகிறது. அதாவது மூன்றாவது வருடத்தில் இருக்கும் பாராமெடிக், 5-ஆவது படியின் உச்சியில் நிற்கும் அனுபவமுள்ள நர்ஸைவிட அதிகமாக வாங்குகிறார். அமெரிக்கக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு 'பாராமெடிக் என்றாலே குறைந்த சம்பளம்' என்று சொல்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் ஏன் இவ்வளவு இடைவெளி? திறமைக் குறைவால் இல்லை, அதை நான் என் கண்ணால் பார்த்ததை வைத்தே சொல்வேன். பணம் எந்த வழியாக வருகிறது என்பதில் இருக்கிறது விஷயம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் ஆம்புலன்ஸை இன்னும் ஒரு போக்குவரத்துச் சேவையாகத்தான் பார்க்கிறது, நோயாளியை ஏற்றிக்கொண்டு போனால்தான் பணம். வீட்டிலேயே சர்க்கரை அளவைச் சரிசெய்து உட்கார வைத்துவிட்டு வந்தால் பொதுவாக ஒன்றும் வராது. சிகிச்சைக்குப் பணம் வராத தொழிலில் சிகிச்சை தருபவருக்குச் சம்பளம் எங்கிருந்து உயரும்? ஆகவே உங்கள் நாட்டில் ஆம்புலன்ஸுக்குப் பணம் கட்டுவது யார், எதற்காகக் கட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். அரசின் சுகாதாரத் துறை நேரடியாக நடத்துகிறதா, டெண்டர் எடுத்த தனியார் நிறுவனம் நடத்துகிறதா, தீயணைப்புத் துறையோடு சேர்ந்திருக்கிறதா? தீயணைப்புத் துறை என்றால் சம்பளமும் பென்ஷனும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். டெண்டர் என்றால் ஒப்பந்தக் காலம் முடியும்போது உங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

ஆண்டுச் சம்பளத்தை மணிக்கணக்காக மாற்றுங்கள்

பேப்பரும் பேனாவும் எடுங்கள். 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு என்ற ஷிப்ட் ஆம்புலன்ஸ் வேலையில் சகஜம். மூன்று நாளில் ஒரு நாள் முழுக்க வேலை என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,920 மணி. வாரம் மூன்று 12 மணி ஷிப்ட் பார்க்கும் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ஆண்டுக்கு 1,872 மணி. இரண்டு பேருக்கும் ஆண்டுக்கு 60,000 என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், எந்தப் பணமாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நர்ஸுக்கு மணிக்கு 32, பாராமெடிக்குக்கு மணிக்கு இருபதரை. விளம்பரத்தில் சமமாகத் தெரிந்த சம்பளம் மணிக்கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அந்த 24 மணியில் தூங்கவும் செய்கிறார்களே என்று சொல்வார்கள். அமைதியான ஆம்புலன்ஸ் ஸ்டேஷனில் தூங்கலாம், நகரத்து ஸ்டேஷனில் முடியாது, தூங்கினாலும் வீட்டில் பிள்ளைகளோடு இருக்க முடியாதே.

அப்புறம் படிகள், அதாவது அலவன்ஸ். இரவு, ஞாயிறு, விடுமுறை நாள் வேலைக்குத் தனியாகத் தருவார்கள். என்எச்எஸ்ஸில் மேலே சொன்ன 5, 6-ஆவது சம்பளப் படிகளில் இருப்பவர்களுக்கு இரவுக்கும் சனிக்கும் 30 சதவீதம் கூடுதல், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதம் கூடுதல். ஆம்புலன்ஸில் இருப்பவருக்கு இது மாதா மாதம் வந்துகொண்டே இருக்கும், பகல் கிளினிக்கில் உட்காரும் நர்ஸுக்கு வராது. அதனால் ஒருவர் 'நான் இவ்வளவு வாங்குகிறேன்' என்று சொன்னால் அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஓவர்டைம் பணத்தைச் சம்பளமாக எண்ணி வீட்டுக் கடன் எடுத்துவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டதும் திண்டாடியவரை எனக்குத் தெரியும். படியும் ஓவர்டைமும் உடம்பு ஒத்துழைக்கும் வரைதான் வரும், பென்ஷன் கணக்கிலும் ஓவர்டைம் பெரும்பாலும் சேராது.

படிப்புக் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாராமெடிக் படிப்பு குறுகியதாக இருக்கும் நாட்டில் ஒருவர் நர்ஸைவிட இரண்டாண்டு முன்னதாகச் சம்பாதிக்க ஆரம்பித்துவிடலாம். மேலே சொன்ன அமெரிக்க இடைநிலை எண்களையே எடுத்துக்கொண்டால் (ஆரம்பச் சம்பளம் இதைவிடக் குறைவாகவே இருக்கும், கணக்குக்காகத்தான்), அந்த இரண்டு வருடத்தில் பாராமெடிக் 1,16,820 டாலர் முன்னால் இருப்பார். நர்ஸ் ஒவ்வொரு வருடமும் 35,190 டாலர் கூடுதலாக வாங்கி, மூன்றரை வருடத்துக்குள் அதை எட்டிவிடுவார். அதற்கப்புறம் வேலை செய்யும் காலம் முழுக்க அந்த வித்தியாசம் தொடரும். பிரிட்டனில் இந்தக் கணக்கே எழாது, அங்கே இப்போது இரண்டுக்கும் பட்டப்படிப்பு வேண்டும்.

வேலை எங்கே இருக்கிறது

சம்பளத்தைவிட இதில்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் சம்பளம் குறைவு என்று தெரிந்தே விரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள், வேலையே கிடைக்காமல் போகும் என்று தெரிந்து யாரும் வருவதில்லை.

ஒரு ஆம்புலன்ஸுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி, வண்டியில் இரண்டு பேர், ஆக 336 மணி. ஒருவர் 40 மணி பார்த்தால் எட்டரைப் பேர், லீவு, பயிற்சி எல்லாம் சேர்த்து சுமார் பத்துப் பேர். இப்போது ஒரு வார்டை எடுங்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2004-லிருந்து நடைமுறையில் இருக்கும் விதிப்படி சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் எப்போதும் இருக்க வேண்டும், ஐசியுவில் இரண்டு பேருக்கு ஒருவர். முப்பது படுக்கை நிறைந்த வார்டு என்றால் எந்த நேரமும் ஆறு நர்ஸ், வாரத்துக்கு 1,008 மணி, அதாவது 25 பேர், லீவு சேர்த்தால் சுமார் முப்பது. ஒரே ஒரு வார்டு மூன்று ஆம்புலன்ஸுக்குச் சமமான ஆளை எடுக்கிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனை வார்டு, ஒரு ஊருக்கு எத்தனை ஆம்புலன்ஸ்? அது மட்டும் இல்லாமல் பல இடங்களில் ஆம்புலன்ஸில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் மட்டுமே பாராமெடிக்காக இருப்பார், இன்னொருவர் ஈஎம்டியோ டிரைவரோ.

அமெரிக்க எண்களும் இதையே சொல்கின்றன. 2023 முதல் 2033 வரைக்கான கணிப்பில் நர்ஸுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,94,500 காலியிடம், ஈஎம்டியையும் பாராமெடிக்கையும் சேர்த்தே 19,200 காலியிடம். பத்துக்கு ஒன்று. வளர்ச்சி வேகம் என்னவோ இரண்டுக்கும் ஒரே 6 சதவீதம்தான். 'வேகமாக வளரும் துறை' என்று கல்லூரிகள் போடும் விளம்பரத்தில் சதவீதம்தான் இருக்கும், எண்ணிக்கை இருக்காது. நீங்கள் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

முதலாளிகளின் எண்ணிக்கை இன்னும் முக்கியம். இங்கிலாந்து முழுக்க ஆம்புலன்ஸ் நடத்தும் என்எச்எஸ் அமைப்புகள் (ஆம்புலன்ஸ் டிரஸ்ட்) சுமார் பத்துதான். ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஆம்புலன்ஸ் சேவை. நர்ஸ் ஒரு மேலாளரோடு ஒத்துவராமல் போனால் அடுத்த தெருவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு, முதியோர் இல்லத்துக்கு, பள்ளிக்கு, டயாலிசிஸ் சென்டருக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகலாம். பாராமெடிக் ஊரையே மாற்ற வேண்டியிருக்கும். ஒரே முதலாளி என்றால் சம்பளத்தை அவர்தான் தீர்மானிக்கிறார், வெளியே விலை பேச ஆளில்லை. ஆனால் இது மறுபக்கமும் வெட்டும். 2023 இறுதியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பாராமெடிக்குகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, புத்தாண்டுக்குப் பிறகு தொழில் பதிவைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். பதிவு இல்லாமல் ஒருவரும் ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக ஏற முடியாது. கடைசியில் சராசரியாக 25 சதவீத உயர்வு, பல ஆண்டுகளுக்குப் பிரித்து, ஒப்பந்தம் ஆனது. சங்கம் வலுவாக இருக்கும் இடத்தில் ஒரே முதலாளி இருப்பது பலமாகவும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் சங்கம் இருக்கிறதா என்ற கேள்வியையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஆஸ்திரேலியாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் பாராமெடிக் பட்டதாரிகளை வேலைக்கு மிஞ்சி உருவாக்கிவிட்டன. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 2014-லிருந்து அங்கேயே போய் ஆள் எடுத்தது, உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு இளைஞர்கள் வேலைக்காகக் கிளம்பினார்கள். கல்லூரியில் சேருமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் ஆம்புலன்ஸ் சேவையிலேயே வேலையில் சேர்ந்தார்கள்? 'வேலைவாய்ப்பு 100 சதவீதம்' என்று சொன்னால் விடாதீர்கள், எந்த வேலை என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருப்பதையும் அதில் சேர்த்திருப்பார்கள்.

நர்ஸிங் பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை 2023-இல் உலகில் 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை என்று சொல்கிறது. பற்றாக்குறை வேறு, காலியிடம் வேறு. நோயாளிக்குத் தேவை இருக்கிறது, ஆனால் பதவிக்குப் பணம் ஒதுக்கவில்லை என்றால் படித்தவர் வீட்டில்தான் இருப்பார். படித்த நர்ஸ்கள் வேலையில்லாமல் இருக்கும் அதே ஊரில் வார்டில் ஆள் பற்றாமல் இருப்பது எத்தனையோ இடங்களில் நடக்கிறது. ஆகவே அறிக்கையைவிட விளம்பரங்களை நம்புங்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் நர்ஸிங்குக்குத் தெளிவான சாதகம். என்க்ளெக்ஸ் என்ற ஒரே நர்ஸிங் லைசென்ஸ் தேர்வை அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்துகின்றன, வெளிநாட்டு நர்ஸ்களைப் பதிவு செய்ய ஆஸ்திரேலியாவும் அதை ஏற்கிறது. பாராமெடிக்குக்கு அப்படி நாடு தாண்டிய பொதுத் தேர்வு இல்லை. பிரிட்டனில் ஒரு பதிவு அமைப்பு, ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பரிலிருந்து ஒரு தேசியப் பதிவு, கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. அமெரிக்காவுக்குள்ளேயே ஒரே லைசென்ஸில் மாநிலம் மாறி வேலை செய்ய நர்ஸுக்கு 40-க்கும் மேற்பட்ட இடங்களில் ஒப்பந்தம் இருக்கிறது, பாராமெடிக் ஒப்பந்தத்தில் இருப்பது சுமார் அதில் பாதி மாநிலங்கள்.

நாற்பது வயதில் எங்கே இருப்பீர்கள்?

ஆம்புலன்ஸ் வேலை உடம்பைத் தின்னும். மாடிப்படியில் ஸ்ட்ரெச்சரைத் தூக்குவது, மழையில் சாலை ஓரத்தில் மண்டியிடுவது, ஷிப்ட் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது வரும் அழைப்பு. வார்டிலும் முதுகு போகும், நர்ஸ்களுக்கும் முதுகுவலி தெரியாத விஷயமில்லை. ஆனால் முதுகு போன நர்ஸுக்கு உட்கார இடம் இருக்கிறது: கிளினிக், தொற்றுக் கட்டுப்பாடு, பயிற்சி, தொலைபேசி ஆலோசனை. பாராமெடிக்குக்கு அந்த நாற்காலிகள் குறைவு. கட்டுப்பாட்டு அறை, பயிற்றுநர், மேற்பார்வையாளர், அவ்வளவுதான் பல இடங்களில். பிரிட்டனில் இது மாறி வருகிறது, 2018-லிருந்து உயர்பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள் மருந்து எழுதித் தரலாம், குடும்ப டாக்டர் கிளினிக்குகளும் அவர்களை வேலைக்கு எடுக்கின்றன. உங்கள் நாட்டில் இப்படி வண்டிக்கு வெளியே என்னென்ன பதவி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், கை விரலுக்குள் அடங்கிவிட்டால் யோசியுங்கள்.

என் சொந்தக் கருத்து: இரண்டும் சமமாகப் பிடித்திருந்தால் நர்ஸிங்கை முதலில் முடியுங்கள், அவசரப் பிரிவிலோ ஐசியுவிலோ இரண்டு மூன்று வருடம் இருங்கள், பிறகும் ஆசை இருந்தால் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ், நோயாளி இடமாற்றக் குழு என்று போகலாம். திருப்பிப் போவதும் முடியும், அமெரிக்காவில் பாராமெடிக்குகள் நர்ஸாக மாற இணைப்புப் படிப்புகளே இருக்கின்றன, என்னோடு வேலை செய்தவர்களில் அப்படி வந்தவர்கள்தான் கோட் புளூ (நோயாளியின் இதயமோ மூச்சோ நின்றுபோகும்போது வரும் அவசர அழைப்பு) சமயத்தில் கை நடுங்காமல் நின்றவர்கள். ஆனால் குடும்பம், கடன் எல்லாம் வந்தபிறகு மறுபடி படிக்கப் போவது லேசு இல்லை. பாராமெடிக் பட்டப்படிப்பும், நல்ல சம்பளப் படியும், வலுவான தொழில் பதிவும் இருக்கும் நாட்டில் நீங்கள் இருந்து, வார்டு வாசனையே பிடிக்கவில்லை என்றால் சுற்றிவளைக்காமல் நேராகப் பாராமெடிக்குக்கே போங்கள். பிடிக்காத வேலையில் ஒருவரை உட்கார வைத்து நல்ல சம்பளம் கொடுத்தாலும் நோயாளிதான் பாதிக்கப்படுவார்.

சரி, செய்ய வேண்டிய வேலை. நான்கு வாரம் ஒதுக்குங்கள். நீங்கள் வேலை பார்க்கத் தயாராக இருக்கும் பகுதியை முதலில் முடிவு செய்துகொண்டு, வாரம் ஒரு நாள் இரண்டு வேலைக்குமான விளம்பரங்களை எண்ணி எழுதுங்கள். அனுபவம் இல்லாதவரை எடுப்பவை எத்தனை என்று தனியாகக் குறியுங்கள், அந்த எண்தான் உங்களுடையது, மீதி அடுத்தவருடையது. விளம்பரம் கொடுத்த முதலாளிகள் எத்தனை பேர் என்று இன்னொரு வரி. ஒரே நிறுவனம் ஒரே பதவிக்கு நான்கு வாரமும் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அங்கே ஆள் நிற்பதில்லை என்று அர்த்தம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள இரண்டு பாராமெடிக், இரண்டு நர்ஸ், நான்கு பேரிடம் பேசுங்கள். போன மாதம் எத்தனை மணி வேலை பார்த்தீர்கள், கையில் எவ்வளவு வந்தது, ஷிப்ட் நேரத்துக்கு முடிந்த நாள் எத்தனை, தாமதமானதற்குப் பணம் வந்ததா, உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள். கையில் வந்ததை உண்மையில் பார்த்த மணியால் வகுத்து எழுதுங்கள்.

கடைசியாக, அனுமதி கிடைத்தால் ஆம்புலன்ஸில் பார்வையாளராக ஒரு ஷிப்ட், வார்டில் ஒரு ஷிப்ட் போய் இருங்கள். ஆம்புலன்ஸில் போனால் பாதியில் கிளம்பிவிடாதீர்கள். ஷிப்ட் முடிந்து வண்டியைக் கழுவும்போதுதான் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள், கேட்க வேண்டியதை அப்போது கேளுங்கள்.